சாஹலை விட்டிருக்க வேண்டுமா?

சங்க இதழில் கிரிக்கெட்டா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் சென்னைக் கட்சி, பெங்களூர்க் கட்சி என்று இரண்டு கட்சி தோன்றுவதை யார் மறுக்க முடியும்? என் வீட்டில் மனைவி சென்னை. நாற்பது ஆண்டுகளாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவன் என்ற நன்றிக்கடனில் நான் பெங்களூர்.

அல்சூர் ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிற எங்கள் கூட்டத்தில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மைசூர்க்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். ஆர்.சி.பி. அணி 2025-இல் கோப்பையை வென்றது முதல் அவர் என்னைச் சீண்டிக்கொண்டே இருக்கிறார். "என்ன சார், சாஹல் இல்லாமலே ஜெயித்துவிட்டோமே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?" நடந்துகொண்டே சொல்லும் பதில் மூச்சு வாங்குவதில் பாதியாகிவிடுகிறது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

யுஸ்வேந்திர சாஹல் அரியானாக்காரர். சிறுவனாக இருந்தபோது சதுரங்கத்தில் இந்தியாவுக்காக ஆடியவர். 2014-இல் பெங்களூர் அணி அவரை வெறும் 10 லட்சத்துக்கு வாங்கியது. அன்று முதல் 2021 வரை எட்டு ஆண்டுகள். 113 ஆட்டங்களில் 139 விக்கெட்டுகள். அந்த அணிக்காக ஐ.பி.எல்லில் வேறு எவரும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை. அதுவும் எந்த மைதானத்தில்? நம் சின்னசாமி அரங்கில். எல்லைக்கோடு கிட்டே இருக்கிறது, ஆடுகளம் மட்டையாளருக்குத் தோழன், ஊரோ கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரம், பந்து காற்றில் மிதந்து போகும். அங்கே பந்தைத் தூக்கிப் போட லெக் ஸ்பின்னருக்கு நெஞ்சுரம் வேண்டும்.

2017 பிப்ரவரி 1-ஆம் தேதி இங்கிலாந்தோடு நடந்த ஆட்டத்தை நான் கேலரியில் இருந்து பார்த்தேன். 2 விக்கெட்டுக்கு 119 என்று இருந்தவர்கள் 127-க்குள் சுருண்டார்கள். சாஹலுக்கு 25 ரன்னுக்கு 6 விக்கெட். வீடு திரும்பும் வழியில் பேருந்தில் எல்லோரும் தோனியையும் ரெய்னாவையும் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்!

அவருக்கு வாய்த்தது அப்படித்தான். 2018 ஏலத்துக்கு முன்பு அணி கோலி, டிவில்லியர்ஸ், சர்ஃபராஸ் கான் மூவரை வைத்துக்கொண்டது. சாஹலை ஏலத்தில்தான் 6 கோடிக்குத் திரும்பப் பெற்றது. 2021 உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இல்லை. 2024-இல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது பெயர் இருந்தது, ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. லெக் ஸ்பின்னர்களின் ஜாதகமோ என்னவோ! நம் வி.வி.குமார் 1961-இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்டிலேயே ஒரு இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தவர். மொத்தம் ஆடக் கிடைத்தது இரண்டே டெஸ்ட்.

சரி, 2021 நவம்பருக்கு வருவோம். நான் டிப்ளமோக்காரன், கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு மனம் ஒப்பும். அணியின் கையில் 90 கோடி. நான்கு பேர் வரை வைத்துக்கொள்ளலாம். மூன்று பேரை வைத்தால் 33 கோடி கழியும். நான்கு பேர் என்றால் 42 கோடி. அணி கோலி, மேக்ஸ்வெல், சிராஜ் மூவரோடு நிறுத்திக்கொண்டது. நான்காவது ஆளுக்கு 6 கோடி என்று பட்டியலில் போட்டிருந்தாலும், அவரைச் சேர்த்தால் மற்ற மூவரின் தொகையும் தலைக்கு ஒரு கோடி ஏறும். உண்மையில் 9 கோடி போகும். ஏலத்தில் சாஹல் போன விலை ஆறரைக் கோடி. ஆக, அவரை வைத்துக்கொள்ளாதது கணக்குப்படி தவறே இல்லை. இந்த இடத்தில் வங்கி நண்பரின் கட்சி வலுவானது, ஒப்புக்கொள்கிறேன்.

என் வழக்கு அதற்கு அடுத்த படியில். 2022 பிப்ரவரியில் ஏலம் நடந்தது இதே பெங்களூரில். இலங்கையின் ஹசரங்காவுக்கு விலை ஏறிக்கொண்டிருந்தபோதுதான் ஏலம் விட்ட ஹியூ எட்மீட்ஸ் மயங்கி விழுந்தார், நினைவிருக்கலாம். அந்த ஹசரங்காவை நம் அணி 10.75 கோடிக்கு வாங்கியது. பிறகு சாஹலின் பெயர் வந்தது, ராஜஸ்தான் கொண்டுபோனது. அந்த ஆண்டு ஹசரங்கா 26 விக்கெட், சாஹல் 27. ஊதா நிறத் தொப்பியும் சாஹலுக்கே. ஒரு விக்கெட் குறைவுக்கு நாலேகால் கோடி அதிகம் கொடுத்திருக்கிறோம்! அடுத்த ஆண்டு சாஹல் 21, ஹசரங்கா 9. அதன்பின் ஹசரங்காவையும் விட்டுவிட்டார்கள். அவர்மேல் குறை சொல்லவில்லை, அவர் கெட்டிக்காரர். ஆனால் வீட்டில் இருந்த பொருளை விற்றுவிட்டு அதையே கூடுதல் விலைக்கு வெளியில் வாங்கினால் அதற்கு என்ன பெயர்?

இன்னொன்று. எட்டு ஆண்டு ஆடிய பிறகு அணியிலிருந்து ஒரு தொலைபேசிகூட வரவில்லை, காரணமும் சொல்லவில்லை என்று சாஹலே பிறகு ஒரு பேட்டியில் வருத்தப்பட்டார். எனக்கு இதுதான் உறுத்துகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஓசூர்ப் பக்கத்து ஒற்றைத் தடத்தில் ஒரு பகுதி என் பொறுப்பில் இருந்த காலம். தண்டவாளத்தைச் செப்பனிட இயந்திரங்கள் வந்தன, ஆட்களைக் குறைக்கச் சொன்னார்கள். என் பகுதியிலிருந்து ஒரு கீமேனை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும், பெயர் எழுதிக் கொடு என்றது மேலிடம். கீமேன் என்றால் தெரியாதவர்களுக்கு: சுத்தியலும் ஸ்பானரும் சிவப்புக் கொடியுமாகத் தினமும் தன் பங்குத் தடம் முழுவதும் நடந்து, தளர்ந்த கிளிப்பை அடித்து இறுக்கி, போல்ட்டை முடுக்கிக்கொண்டு வருபவர்.

நான் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு கீமேன் விரிசலைக் கண்டுபிடித்து ரயிலை நிறுத்தியதற்குப் பரிசு வாங்கியிருந்தார். இன்னொருவர் மழையில் மண் சரிந்ததைச் சொன்னவர். மூன்றாமவர் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை. ஒரு வளைவும் அதை ஒட்டிய மேடும் அவர் பங்கு. பல ஆண்டுகளாக அங்கே எதுவும் நடக்கவில்லை. அவர் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. உத்தரவு கைக்கு வந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அந்த வளைவில் கிளிப்புகள் கழன்று கிடந்தன. தடத்தின் அகலம் விலகத் தொடங்கியிருந்தது. விபத்து இல்லை, கடவுள் புண்ணியம். ஆனால் 30 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு போட்டு, அதை நீக்க எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. அங்கே ஒன்றும் நடக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்த மனிதர் என்பது பதிவேட்டில் எந்தப் பத்தியிலும் இல்லை.

கோலி சதம் அடித்தால் ஊர் கொண்டாடும். பதினோராவது ஓவரில் சாஹல் வந்து, அடிக்க ஆசை காட்டி, ஒரு விக்கெட்டும் ஆறு ரன்னுமாக முடித்துவிட்டுப் போனால் நாம் அப்போதுதான் காபி எடுத்துவர எழுந்திருப்போம்.

உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். வெளியூர் போன இந்த மாட்டின் விலையோ 2024 நவம்பர் ஏலத்தில் 18 கோடி, பஞ்சாப் அணிக்கு! நண்பர் இங்கே இன்னொரு வாதம் வைக்கிறார். பெங்களூர் அணி சுயாஷ் சர்மா என்ற இளம் லெக் ஸ்பின்னரை 2.60 கோடிக்கு வாங்கி, குருணால் பாண்டியாவையும் வைத்துக்கொண்டு கோப்பையே வென்றுவிட்டதே என்று. வென்றது உண்மை. 18 கோடிக்கு நானும் வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் இடையில் மூன்று ஆண்டு போயிற்றே. 2022-இலும் 2024-இலும் இறுதிக்கட்டத்தில் நம்மை வெளியேற்றியது எந்த அணி? ராஜஸ்தான். 2024-இல் கோலியின் விக்கெட்டை எடுத்தது யார்? சாஹல்தான்.

2025 ஜூன் 3, அகமதாபாத் இறுதி ஆட்டம். நம் அணி 190, பஞ்சாப் 184. மறுநாள் சின்னசாமி வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்த துயரத்தை இந்தப் பேச்சோடு கலக்க மனம் வரவில்லை. ஆட்டத்தன்று இரவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மயங்க் அகர்வால் ஆடிக்கொண்டிருந்தார், சிவப்புச் சட்டையில் பஞ்சாபுக்காகச் சாஹல் பந்து வீச வந்தார். தூக்கிப் போட்டார், மயங்க் அடித்தார், கேட்ச். நான் என்னை மறந்து கை தட்டிவிட்டேன். பெங்களூர்ச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த பேரன் திரும்பி, "தாத்தா, நீ எந்த டீம்?" என்று கேட்டான்.