சூடேறும் எஞ்சினுக்கு மருந்து எது?

காய்ச்சல் கண்டவனுக்கு விசிறி வீசினால் நோய் தீருமா? பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் போற்றிக் காப்பவர்களில் பலர் இந்த வைத்தியத்தையே செய்கிறார்கள் என்பது என் கருத்து.

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்வோம். அதன் 1798 சி.சி. எஞ்சின் நமக்கு அந்நியமன்று. நம் சாலைகளில் ஓடிய அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே பி.எம்.சி. 'பி' வரிசையில் பிறந்ததே. அம்பாசிடர் பட்டறையில் கை கறுத்த ஒருவரின் மகன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அந்தக் கார் சூடேறினால், "பெரிய ரேடியேட்டர் வை, மின்விசிறி வை" என்று அறிவுரைகள் குவிகின்றன. தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவோரும் உண்டு. சுமார் 82 டிகிரியில் திறக்கும் அந்தச் சிறு கதவு, எஞ்சின் உரிய சூட்டை விரைவில் அடைவதற்காக உள்ளது. அதை நீக்கினால் தேய்மானமே மிஞ்சும். அழுத்த மூடியின் கதையும் இதுதான். சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் கூடினால் தண்ணீர் ஏறத்தாழ 115 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் கொதிநிலையை உயர்த்துவது வேறு. வெப்பத்தை வெளியேற்றுவது வேறு அல்லவா?

உண்மை நோய் பெரும்பாலும் உள்ளே இருக்கிறது. அரை நூற்றாண்டாகத் தண்ணீர் ஓடிய வார்ப்பிரும்பு எஞ்சினில் துருவும் வண்டலும் உப்பும் படிந்துவிடுகின்றன. இப்படிவு இரும்பைவிட மிகக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். சிலிண்டரின் சூடு தண்ணீரைச் சேராதபோது எத்தனை பெரிய ரேடியேட்டர் இருந்தென்ன?

எனவே முதலில் வடிகால் திருகைத் திறந்து, எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். ரேடியேட்டர் குழாய்களின் அடைப்பை நீக்கி, பம்ப், பெல்ட், தீப்பொறி நேரம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். காற்று ரேடியேட்டரின் ஊடே செல்லுமாறு ஓர இடைவெளிகளை அடைக்க வேண்டும். பின்னர் துருத்தடுப்பு கலந்த நீரை ஊற்ற வேண்டும். இத்தனைக்குப் பிறகும் நெரிசலில் நிற்கும்போது சூடேறினால், மின்விசிறி வைப்பதில் தவறில்லை. தொழிற்சாலையே பிற்கால வண்டிகளில் அதைப் பொருத்தியது.

"மொதல்ல தண்ணி போற வழியப் பாருடா" என்பார் என் தந்தையார். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். இது படிப்பறியாதவர் பேச்சு என்று ஒரு காலத்தில் எண்ணினேன். வெப்பக் கடத்தல் பாடத்தை வகுப்பில் கேட்ட அன்று வெட்கித் தலைகுனிந்தேன். அவர் அறிந்ததற்குக் காரணம் சொல்லத்தான் எனக்குக் கல்லூரி கற்றுத்தந்திருக்கிறது.

நண்பர்களே, புதிய உறுப்பை வாங்குமுன் பழைய பழுதைத் தேடுவோம். அதுவே அறிவியல், அதுவே சிக்கனமும்கூட.

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்