திரும்பி வந்த கலமும் தரையில் நடக்கும் வேலையும்

ஒருமுறை விண்வெளிக்குப் போய்த் திரும்பிய கலத்தை அடுத்த பயணத்துக்குத் தயார்செய்யும் வேலை, அது இறங்கிய நிமிடமே தொடங்கிவிடுகிறது. ஆள் ஏறிச் சுற்றுப்பாதைக்குப் போகும் கலத்தில் இதை முதலில் செய்து காட்டியது அமெரிக்காவின் கொலம்பியா விண்வெளி ஓடம். 1981 ஏப்ரலில் பறந்த அதே ஓடம் நவம்பரில் மறுபடி பறந்தது. அதன் உடலில் பல்லாயிரம் வெப்பத் தடுப்பு ஓடுகள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றைச் சோதித்துப் பழுதானதை மாற்றுவதிலேயே நாட்கள் ஓடின. 1985 அக்டோபர் 3-ல் கிளம்பிய அட்லாண்டிஸ், 54 நாளில் மறுபடி கிளம்பியதுதான் ஓடங்களின் அதிகபட்ச வேகம். அடுத்த ஜனவரியில் சேலஞ்சர் ஓடம் வெடித்த பிறகு அந்த வேகம் திரும்பவே இல்லை.

பராமரிப்புப் பொறியாளருக்கு இது புதிய உலகம் அல்ல. நெய்வேலிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரத்தின் பற்கள் கடலூர் மணற்பாறையில் தேய்வது கண்ணுக்குத் தெரியும். தேய்ந்ததைக் கழற்றிப் புதிதை மாட்டலாம். 1962-ல் ஓடத் தொடங்கிய அங்குள்ள முதல் அனல்மின் நிலையம் 2020 வரை ஓடியது, ஓவர்ஹாலிங்கின் தயவில்தான். விண்கலத்தில் தேய்மானம் இப்படி முகம் காட்டுவதில்லை. அது வால்வுக்குள், குழாய் இணைப்புக்குள் ஒளிந்திருக்கும்.

2019 ஏப்ரல் 20-ல் நடந்தது இதற்குச் சாட்சி. ஆளில்லாமல் விண்வெளி நிலையம் போய் மார்ச்சில் திரும்பிய அமெரிக்காவின் ட்ராகன் கலம், அவசரத் தப்பிப்புச் சோதனைக்காகத் தயாராகிக்கொண்டிருந்தபோது தரையிலேயே வெடித்துச் சிதறியது. ஆக்சிஜனேற்றி கொஞ்சம் வால்வைத் தாண்டி ஹீலியம் குழாய்க்குள் கசிந்திருந்தது. அழுத்தம் ஏற்றியதும் அது டைட்டானியம் வால்வில் வேகமாக மோதித் தீப்பற்றியது. அதன் பிறகு அந்த வால்வுகளுக்குப் பதிலாக, அழுத்தத்தில் உடைந்து வழிவிடும் தகடுகள் வந்தன. 2020-ல் இருவரை ஏற்றிச் சென்ற எண்டெவர் என்ற ட்ராகன் கலம், 2021 ஏப்ரலில் நால்வருடன் மறுபடி போனது.

இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவின் பயணம் இன்னும் நெருக்கமான பாடம். 2025 ஜூனில் அவர் ஏறிய கலம் புதியது; ராக்கெட்டின் முதல் கட்டம்தான் பழையது. அதன் முந்தைய பயணத்திலேயே திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்திருந்தது. மறுசீரமைப்பில் அது முழுதாகச் சரிசெய்யப்படவில்லை என்பது ஏவுதளச் சோதனையில்தான் வெளிப்பட்டது. கசிவைச் சரிசெய்து சோதித்த பிறகே கிளம்ப வேண்டும் என்று இஸ்ரோ குழு வற்புறுத்தியது. கடைசியில் ஜூன் 25-ல் கிளம்பியது. பழுது கண்ணில் பட்டிருந்தது. அது தீர்ந்தது என்று கையெழுத்திடும் இடத்தில்தான் ஓட்டை.

இந்தியாவின் சொந்த அனுபவம் சிறியது, ஆனால் வீண் இல்லை. சித்ரதுர்காவில் 2024 மார்ச்சில் இறங்கிய சிறகுக்கலத்தின் உடலையும் கருவிகளையும் மாற்றம் ஏதும் செய்யாமல் ஜூன் 23-ல் மறுபடி இறக்கிக் காட்டியது இஸ்ரோ. தரை தொட்ட வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேல். பாராட்டத்தக்கதுதான். ஆனால் ஹெலிகாப்டர் 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விடுவித்த கலம், சுற்றுப்பாதையிலிருந்து விழும் கலத்தின் வெப்பத்தைக் கண்டதில்லை; இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. மகேந்திரகிரியில் 2025 ஜனவரி 17-ல் விகாஸ் ராக்கெட் இயந்திரத்தை 60 விநாடி எரித்து, 120 விநாடி நிறுத்தி, மறுபடி 7 விநாடி எரித்ததும், ராக்கெட் கட்டங்களை மீட்டு மறுபடி பயன்படுத்தும் பாதையில் ஓர் அடி.

இந்தியா மனிதரை விண்ணுக்கு அனுப்பவிருக்கும் ககன்யான் கலம் இறங்கப்போவது கடலில். உப்புநீர் உலோகத்துக்கும் மின்னிணைப்புக்கும் எதிரி. 2014 டிசம்பரில் வங்கக் கடலில் இறங்கிய சோதனைக்கலம் எண்ணூருக்கு வந்தது. 2023 அக்டோபர் 21-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன சோதனைக்கலமோ கடலில் தலைகீழாக மிதந்தது. கடற்படை மீட்டுச் சென்னைத் துறைமுகம் சேர்த்தது. அதை நிமிர்த்தும் காற்றுப்பைகள் எவ்வளவு அவசியம் என்பது அன்றே விளங்கியது.

மறுபயணம் இன்றைய திட்டத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ககன்யான் பயணங்களில் மீண்டு வரும் ஒவ்வொரு கலத்தையும் காட்சிக்கு அனுப்பும் முன் வால்வு வால்வாகக் கழற்றி, அளந்து, லாக்புக்கில் எழுதி வைக்க வேண்டும். கழற்றியவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் வேறொருவர் என்று இருக்கட்டும்.