பால்வாடியில் பால் கிடையாது

போன ஜூன்ல, ஆறாவது செமஸ்டர் முடிஞ்சு சின்னசேலத்துக்கு லீவுக்குப் போயிருந்தப்போ எங்க வீட்டில் ஒரு பஞ்சாயத்து. அக்கா பொண்ணுக்கு மூணு வயசு முடிஞ்சு ரெண்டு மாசம். அவளை எங்கே சேர்ப்பது? மாமா ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எல்.கே.ஜி.க்கு விசாரித்துவிட்டு வந்துவிட்டார். வேன் ஃபீஸோடு சேர்த்து வருஷத்துக்கு 35,000 ரூபாய். வேன் காலையில் ஏழே முக்காலுக்கு வரும். அக்காவுக்கு மனசில்லை. "தெருக்கோடியில பால்வாடி இருக்கு, ஒரு வருஷம் அங்க போகட்டுமே" என்று இழுத்தாள். "அங்க என்னா சொல்லித் தராங்க? சோறு போட்டுத் தூங்க வெப்பாங்க, அவ்வளவுதான்" என்றார் மாமா. கடைசியில் ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான் வீட்டிலேயே படிச்ச புள்ளையாம். மூணு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு வீட்டில் கிடைத்த முதல் மரியாதை இது. அதுவரைக்கும் வைஃபை ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணத்தான் கூப்பிடுவாங்க.

"ஒரு வாரம் டைம் குடுங்க, நான் அவளைக் கூட்டிட்டுப் போய் உக்காந்து பார்க்கிறேன்" என்றேன். உண்மையைச் சொன்னா, எனக்கும் மாமா சைடுதான் சரின்னு தோணுச்சு. நானும் மூணரை வயசுல இங்கிலீஷ் மீடியம் வேன்ல ஏறினவன்தான். அந்த வயசைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பது நாலு கோடு நோட்டும் அதில் சிவப்பு மையும்.

போறதுக்கு முன்னாடி கொஞ்சம் படித்தேன். முதல் அதிர்ச்சி பேர்லயே இருந்துச்சு. பால்வாடின்னா பால் கொடுக்கிற இடம்னு இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்தேன். அது 'பால்' என்றால் குழந்தை என்கிற வடக்கத்திச் சொல். மகாராஷ்டிராவில் போர்டி என்கிற ஊரில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும் 1945-ல் ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கியதுதான் பால்வாடி. அந்தப் பிள்ளைகள் நம்மகிட்ட வராவிட்டால் அவங்க முற்றத்துக்கே நாம போவோம் என்று போய் நடத்தியது அங்கன்வாடி. அங்கன் என்றால் முற்றம். 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அந்தப் பேர் நாடு முழுக்கப் போனது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டு வந்ததும் நம்ம ஊரில் அது சோத்துக்கூடம் என்று மனசில் பதிந்துவிட்டது. சோறு சின்ன விஷயம் இல்லை. ஆனா அந்தத் திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. அதை யாரும் கேட்டு வாங்குறதில்லை.

சரி, போனேன். பதினேழு பிள்ளைகள், ஒரு டீச்சர், ஒரு ஆயம்மா. டீச்சர் தரையில் மூணு சாமான்களைக் கலந்து கொட்டினார்: புளியங்கொட்டை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை. எங்க பக்கம் இது மூணும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். பிள்ளைகள் பிரிச்சு வைக்கணும். ஒரு பையன் கலர் பார்த்துப் பிரிச்சான், ஒரு பொண்ணு பெருசு சின்னதுன்னு பிரிச்சா. ரெண்டும் சரின்னு விட்டுட்டார் டீச்சர். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பொடிப்பையன் எழுந்து ஆளுக்கு ஒரு தட்டு வைத்தான். ஒரு தட்டு மிஞ்சியது. யார் வரலைன்னு சுத்திப் பார்த்துக் கண்டுபிடிச்சான். டிஸ்க்ரீட் மேத்ஸில் ஒன்-டு-ஒன் மேப்பிங் என்று நாம ரெண்டு மார்க்குக்கு எழுதினோமே, அதுதான் இது.

அன்னிக்குச் சாயங்காலம் ஒரு சோதனை பண்ணினேன். எதிர் வீட்டுப் பையன், நாலு வயசு, எல்.கே.ஜி. முடிச்சவன், ஐம்பது வரைக்கும் இங்கிலீஷில் கடகடவென்று சொல்லுவான். "ஆறு புளியங்கொட்டை எடுத்து மாமா கையில குடுடா" என்றேன். ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தான். அவன் மக்கு இல்லை. எண்களைப் பாட்டு மாதிரி வரிசையா ஒப்பிப்பது வேறு, ஆறு என்றால் இத்தனை என்று புரிவது வேறு. ரெண்டாவது முதலாவதுக்கு ரொம்பப் பின்னாடிதான் வரும் என்று குழந்தை உளவியல் படிச்சவங்க சொல்றாங்க. அது வருவது, கையில் எடுத்து, வைத்து, பங்கு போட்டு, சண்டை போட்டு. களிமண் உருட்டுவதும் அப்படித்தான். பென்சில் பிடிக்க வேண்டிய விரலுக்கு முதலில் வலு வேணும். அது வராமல் நாலு கோடு நோட்டைக் கொடுத்தால் கை வலிக்கும், எழுத்து கோணும், சிவப்பு மை விழும். எனக்கு விழுந்த மாதிரி.

இதோட முடிஞ்சிருந்தா மாமாவிடம் சுலபமா ஜெயிச்சிருப்பேன். ஆனா அந்த வாரத்தில் ரெண்டு நாள் விளையாட்டே நடக்கலை. ஒரு நாள் எடை போடும் நாள். இன்னொரு நாள் டீச்சர் முழுக்க ஃபோனும் கையுமா உட்கார்ந்திருந்தார். போஷன் டிராக்கர் ஆப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்றணும். கர்ப்பிணிகள் கணக்கு, சத்துமாவு கணக்கு, தடுப்பூசிக் கணக்கு எல்லாம் அவர் தலையில். ஒரே ஆள் எத்தனை பண்ணுவார்? அந்த நேரத்தில் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மாமா சொன்னதில் பாதி உண்மை.

என் கருத்து இங்கேதான் ஆரம்பிக்குது. இந்த மீதிப் பாதியை அரசாங்கம் மட்டும் நிரப்பாது. பெற்றோர் உள்ளே போய் உட்காரணும்.

நம்ம மாவட்டத்துக்குக் கூட்டுறவு புதுசா? மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கிற சர்க்கரை ஆலைகள் ரெண்டுமே கூட்டுறவு ஆலைகள். கரும்புக்கும் பாலுக்கும் சங்கம் வைக்கத் தெரிந்த நமக்கு, புள்ளைக்கு வைக்கலாம்னு தோணவே இல்லை. நியூசிலாந்தில் 1941-ல் போர் நேரத்தில், புருஷன்மார் வெளியே போயிருந்த காலத்தில், தாய்மார்கள் சேர்ந்து 'பிளேசென்டர்' என்று ஆரம்பித்தார்கள். பெற்றோரே முறை வைத்து வந்து பிள்ளைகளோடு விளையாடுவார்கள், அதற்குப் பயிற்சியும் எடுப்பார்கள். இன்னிக்கும் நடக்குது. இத்தாலியில் ரெஜ்ஜியோ எமிலியா பக்கத்தில் ஒரு கிராமத்தில் 1945-ல், ஜெர்மன் படை விட்டுட்டுப் போன டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் ஜனங்களே பாலர் பள்ளி கட்டினார்கள். இடிந்த வீடுகளின் செங்கல்லையும் ஆற்று மணலையும் அவங்களே சுமந்தாங்க. லோரிஸ் மலாகுஸ்ஸி என்கிற இளம் வாத்தியார் கேள்விப்பட்டு சைக்கிளில் போய்ப் பார்த்து, அங்கேயே ஒட்டிக்கொண்டார். இப்போ சென்னையில் 'ரெஜ்ஜியோ முறை' என்று போர்டு போட்டு லட்சத்தில் ஃபீஸ் வாங்குறாங்க. அது கூலிக்காரங்களும் விவசாயிகளும் செங்கல் சுமந்து ஆரம்பித்தது.

நமக்குக் கட்டடம்கூடத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 54,000-க்கு மேல் அங்கன்வாடிகள் இருக்கு. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று விளையாட்டை வைத்தே பாடத்திட்டமும் இருக்கு. கணக்குப் போடுங்க: இருபது பிள்ளை, மாசத்துக்கு இருபத்தி சொச்சம் வேலை நாள். ஒரு வீட்டுக்கு மாசத்தில் ஒரு காலை, பத்திலிருந்து பன்னிரண்டு வரை. டீச்சர் ஃபோனில் ஏற்றும்போது இன்னொரு பெரியவர் பிள்ளைகளோடு தரையில் இருப்பார். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கூலி போயிடுமேன்னு கேட்பீங்க. நியாயம். கல்வராயன் மலைப்பக்கம் அப்பா அம்மா மாசக்கணக்கில் வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் ஆயா தாத்தாவிடம். அப்போ ஆயா வரட்டும். பல்லாங்குழியும் கதையும் நம்மளைவிட அவங்களுக்குத்தான் தெரியும். இன்னொரு தயக்கம் இருக்கு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை. பால்வாடியில் யார் வீட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து நம்ம பிள்ளை சாப்பிடுது, யார் சமைக்கிறாங்க என்பது. 35,000 ரூபாயில் ஒரு பங்கு இங்கிலீஷுக்கு, ஒரு பங்கு இதுக்குன்னு எனக்குச் சந்தேகம். எங்க தெருவிலேயே கேட்டிருக்கேன். மூணு வயசில் பிரிச்சு வெச்சிட்டு, காலேஜில் சமத்துவம் பற்றிப் பேச்சுப்போட்டி வைக்கிறோம்.

நம்ம என்.எஸ்.எஸ். ஆட்களுக்கும் ஒண்ணு. கேம்ப் போனால் ஏழு நாளும் ரோடு கூட்டி, சுவரில் பெயின்ட் அடிச்சு, ஃபோட்டோ எடுக்கிறோம். ரெண்டு நாளாவது பக்கத்து அங்கன்வாடியில் உட்காரலாம். குறைஞ்சபட்சம் அந்த டீச்சருக்கு ஆப் எரர் அடிக்கும்போது உதவலாம், அது நமக்கு நல்லா வரும்.

வீட்டு வழக்கு என்னாச்சுன்னு கேட்டீங்கன்னா, இந்த வருஷம் அக்கா ஜெயிச்சா. பாப்பா பால்வாடிக்குப் போறா. ஒரு நாள் அக்காவுக்குக் காய்ச்சல், மாமாதான் கொண்டுபோய் விட்டார். விட்டுட்டு உடனே மண்டிக்குப் போக வேண்டியவரை, ஒரு பையன் சட்டையைப் பிடிச்சு "நீ பஸ்ஸு, உக்காரு" என்று உட்கார வெச்சிட்டானாம். முதுகில் மூணு பேர் ஏறி விருத்தாசலம் வரைக்கும் போய் வந்திருக்காங்க. சிரிச்சுக்கிட்டேதான் ஃபோனில் சொன்னார். அடுத்த ஜூனுக்கு எல்.கே.ஜி. ஃபார்மும் வாங்கி பீரோவில் வெச்சிருக்கிறாராம். அதை அக்கா சொன்னா.