நம்பிக்கைக்கு ஏன் கணக்குக் கேட்கிறீர்கள்?

கால்பந்து ரசிகனின் நம்பிக்கையைப் பாமரத்தனம் என்று எள்ளுவது நம் இலக்கிய நண்பர்கள் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. ஒரே ஒரு வெற்றியில் துள்ளிக் குதிப்பவனுக்குப் புள்ளிப்பட்டியல் வாசிக்கத் தெரியாது என்பது அவர்கள் எண்ணம். நாம் இதை மறுக்கிறோம்.

2015 ஏப்ரல் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் லெஸ்டர் சிட்டி 29 ஆட்டங்களில் 19 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் கிடந்தது. ஏப்ரல் 11 அன்று வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனின் மைதானத்தில் இருமுறை பின்தங்கியது. 80ஆவது நிமிடத்தில் ஹூத் சமன் செய்தார். 90 நிமிடங்களும் முடிந்தபின், ஜேமி வார்டி தனியே பந்தைக் கடத்திச் சென்று அடித்த கோலால் 3-2 என வென்றது. அன்றிரவும் கடைசி இடம்தான். ஆயினும் ரசிகர்கள் பாடிக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

கடைசி 9 ஆட்டங்களில் 7 வெற்றிகள், 14ஆம் இடம், 2016இல் சாம்பியன் பட்டம். ‘பார்த்தீர்களா, நம்பிக்கை பலித்தது’ என்று இன்று கதை சொல்வோரும் எள்ளியவர்களின் உடன்பிறப்புகளே. இரு சாராரும் நம்பிக்கையை விளைச்சலை வைத்தே நிறுக்கிறார்கள். அதே அணி 2023இலும் 2025இலும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதே, அப்போது நம்பியவர்கள் மூடர்களா?

நம்பிக்கை ஆரூடம் அன்று. துவண்ட அணி இன்னும் போராடுவதைக் கண்ணால் கண்டவன் அதற்கு அளிக்கும் மறுமொழி அது. பட்டியலை அவன் நன்கறிவான்; வாரந்தோறும் அதன் அடியில் தன் அணியின் பெயரைப் படித்து வந்தவன் அவன்தான். அவநம்பிக்கையை ஞானமாகச் சூடிக்கொள்வோர் அந்த வாரங்களில் ஒன்றையாவது அவனுடன் கழித்துவிட்டு வந்து பேசட்டும்.