மின்சாரம் நின்றாலும் அழைப்பு நிற்கலாகாது

பிரித்தானியாவில் செப்புக் கம்பிவழித் தொலைபேசிச் சேவை முடிவுக்கு வருகின்றது. 2025 டிசம்பர் என முதலில் குறிக்கப்பட்ட எல்லை, 2024இல் 2027 ஜனவரி 31 வரை தள்ளிவைக்கப்பட்டது. அதன்பின் வீட்டுத் தொலைபேசி இணைய இணைப்பினூடாகவே இயங்கும்.

பழைய வலையமைப்பு மூப்படைந்துவிட்டது; உதிரிப்பாகங்களும் அரிதாகிவிட்டன. எனவே மாற்றத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. செப்புக் கம்பி குரலுடன் மின்னையும் தொலைபேசி நிலையத்திலிருந்தே கொண்டுவந்தது. வீடு இருளில் மூழ்கினாலும் கம்பியுடன் கூடிய சாதாரண தொலைபேசி இயங்கியது. புதிய இணைப்போ வீட்டு மின்சாரம் நின்றவுடன் செயலிழந்துவிடும். முதியோர் கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தான்கள் சிலவும் அதில் இயங்காது போகலாம். அவ்வாறு இயங்காத பாரதூரமான சம்பவங்களின் பின்னரே, 2023 டிசம்பரில் அரசு தொலைபேசி நிறுவனங்களிடம் பாதுகாப்பு உறுதிமொழி பெற்றது.

வேறு வழியற்றோருக்கு, மின்தடையின்போது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு உதவும் ஏற்பாட்டை நிறுவனங்கள் இலவசமாக வழங்கவேண்டும் என்கின்றது ஒழுங்குமுறை அமைப்பான ஒவ்கொம். ஆனால் ஆங்கிலக் கடிதத்தைப் பிரித்துப் பாராமலே வைத்துவிடும் எம் முதியோர் இதனை எங்ஙனம் அறிவர்?

தனித்து வாழும் தாய்தந்தையரிடம் அவசரப் பொத்தான் உண்டா, வீட்டினுள் கைத்தொலைபேசி இயங்குகின்றதா என்று பார்த்து நிறுவனத்துக்கு அறிவிப்பது பிள்ளைகளின் கடமை. இணைப்பை மாற்றுமுன் அவர்களுக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பது நிறுவனங்களின் கடமை. 999ஐ அழைக்கும் வழி அடைபட்டபின் விளக்கம் கூறிப் பயனில்லை.