பழியைச் செல்போன் மேல் போட்டுத் தப்பிக்காதீர்கள்

‘செல்போன் பேசியபடி தண்டவாளத்தைக் கடந்தவர் ரயில் மோதி பலி.’ ஒற்றைப் பத்திச் செய்தி. பெயர், வயது, ஊர், இருப்புப்பாதைப் போலீசார் உடலைக் கைப்பற்றி விசாரித்து வருகின்றனர் என்ற கடைசி வரி. அத்தோடு முடிந்தது. காதில் ஹெட்செட் இருந்தது என்று தெரிந்துவிட்டால், அந்த மனிதர் ஏன் அந்த இடத்தில் தண்டவாளத்தில் இறங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு அது மிகவும் வசதியாக இருக்கிறது. அந்த வசதியைக் கண்டிக்கத்தான் இந்தத் தலையங்கம்.

நடப்பவர்கள் செய்வதை நாம் நியாயப்படுத்தவில்லை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் விரைவு ரயில் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துச் சிரிக்க மூன்று நொடி போதும். அதற்குள் வண்டி 80 மீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். ஓட்டுநர் அவசர பிரேக் பிடித்தாலும் பல நூறு மீட்டர் தள்ளித்தான் நிற்கும், ஒதுங்கிப் போகவும் அதற்கு வழியில்லை. அவரிடம் மிஞ்சியிருப்பது ஹாரன் ஒன்றுதான். அதையும் காதை அடைத்த இயர்பட்ஸ் விழுங்கிவிடுகிறது. அடுத்தடுத்துப் பல பாதைகள் ஓடும் தாம்பரம் தடத்தில், மின்சார ரயில் ஒன்று போகட்டும் என்று காத்திருந்து, அது கடந்ததும் திரையைப் பார்த்தபடியே கால் வைப்பவரை எதிர்த்திசையில் வரும் வண்டி அடித்துவிடுகிறது. தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். பிள்ளைக்கு விலை உயர்ந்த போன் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், ரோட்டைக் கடக்கும்போது அது பையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் சட்டப் பிரிவைக் காட்டும் ரயில்வே, சுற்றுச்சுவரில் உள்ள ஓட்டைக்கு என்ன பதில் சொல்லும்? புறநகர் நிலையங்கள் பலவற்றில் அந்த ஓட்டையிலிருந்து எதிர்ச்சுவர் ஓட்டை வரை ஜல்லியின் மேல் ஒற்றையடிப் பாதையே விழுந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கேமரா வேண்டாம், கண் இருந்தால் போதும். நடைமேம்பாலம் நடைமேடையின் ஒரு கோடியில். கடைத்தெருவும் பஸ் ஸ்டாப்பும் மறுகோடியில். காய்கறிக் கூடையோடு வரும் மூதாட்டி ஐம்பது படி ஏறி இறங்க வேண்டும். எஸ்கலேட்டர் இருந்தாலும் பல நேரம் அது ஓடுவதில்லை. சுவரை அடைப்பார்கள், பத்து நாளில் மறுபடி உடையும். மக்கள் எங்கே கடக்கிறார்களோ அங்கே பாலம் வைக்காதவரை அது உடைந்துகொண்டேதான் இருக்கும்.

ரோட்டுக்கு வருவோம். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதே அறிக்கையின்படி, மொத்த உயிரிழப்பில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணம். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் பேரவை 2012-இலேயே விதி எழுதிவிட்டது. சென்னையில் அந்த 1.8 மீட்டரை மின்வாரியப் பில்லர் பாக்ஸும், டீக்கடை பெஞ்சும், நிறுத்திவைத்த பைக்குகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் இடத்தில் வடிகால் மூடி பெயர்ந்து கிடக்கிறது. 2022 அக்டோபரில் மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து சென்னையில் ஓர் இளம் பத்திரிகையாளர் உயிரிழந்தார். அந்தப் பள்ளத்தைத் தோண்டியது செல்போனா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆப்பில் ஆட்டோ புக் செய்தவர் என்ன செய்கிறார்? வண்டி எண்ணைத் திரையில் பார்க்கிறார், டிரைவர் ‘எங்க நிக்கிறீங்க சார்?’ என்று போன் செய்கிறார், இவர் நடைபாதையிலிருந்து இறங்கி, பஸ் உரசும் தூரத்தில் நின்று கையசைக்கிறார், பிறகு ஓடிபியைத் தேடுகிறார். வழியும் கட்டணமும் டிக்கெட்டும் போனுக்குள் போய்விட்ட ஊரில், போனைப் பார்க்காதே என்று போர்டு வைத்தால் மட்டும் யார் கேட்பார்கள்? ஏற்றிக்கொள்ளும் இடத்தை மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி வை என்று அந்த நிறுவனங்களிடம் சொல்லப் போக்குவரத்துத் துறைக்கு என்ன தயக்கம்?

ஹொனலூலு நகரம் 2017-இல் போனைப் பார்த்தபடி ரோட்டைக் கடப்பவருக்கு அபராதம் விதித்தது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க், குனிந்த தலையின் கண்ணில் படட்டும் என்று 2016-இல் டிராம் நிறுத்தத்தில் தரையிலேயே சிக்னல் விளக்கைப் பதித்தது. நமக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும். நடக்க இடம் கொடுக்காத அரசு நடப்பவரிடம் அபராதம் கேட்பது அடாவடி. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடுத்த வழக்கில், நடைபாதை மக்களின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. மாநகராட்சி இனி நிதி இல்லை என்று கையை விரிக்க முடியாது.

ஆகவே, கடக்கும் இடங்களில் வேகத்தடையும், முதியவர் நடந்து முடிக்கும் அளவுக்குப் பச்சை விளக்கு நேரமும் உடனே வேண்டும். சுவர் ஓட்டைகளைப் பட்டியலிட்டு, எதை அடைப்பது, எங்கே சுரங்கப்பாதை அமைப்பது என்று தெற்கு ரயில்வே தேதியோடு அறிவிக்க வேண்டும். இருப்புப்பாதைப் போலீஸ் இனி ஒவ்வொரு மரண விசாரணை அறிக்கையிலும், அருகிலுள்ள மேம்பாலம் எத்தனை மீட்டர் தூரம், இடத்தில் விளக்கு எரிந்ததா, சுவர் எப்போது உடைந்தது என்பதை எழுத வேண்டும். ‘செல்போன் பேசியபடி’ என்று மட்டும் எழுதி வரும் கோப்பைக் கோட்டாட்சியர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.