பி.எச்.பி. உலாவிக்கு மட்டும்தானா?

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (கணினி அறிவியல்)

"பி.எச்.பி.யா? அது வலைப்பக்கம் செய்வதற்கல்லவா! கட்டளை வரியில் ஓடும் நிரலுக்குச் சி படி. இல்லையேல் பைத்தான் படி." ஆய்வகத்தில் அடிக்கடி காதில் விழும் அறிவுரை இது. இதனை நான் ஏற்பதற்கில்லை.

1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்டபோது பி.எச்.பி. அவருடைய சொந்த வலைப்பக்கத்துக்கான சிறு கருவிகளின் தொகுப்பாகவே இருந்தது. ஆனால் பிறந்த இடத்திலேயே அது நின்றுவிடவில்லை. 2002-இன் இறுதியில் வந்த 4.3 பதிப்பிலேயே கட்டளை வரிக்கென்று தனி வடிவம் நிலைபெற்றுவிட்டது. வலையில் ஒரு நிரல் ஓடுவதற்கு வழக்கமான காலவரம்பு 30 விநாடி; கட்டளை வரியிலோ அந்த வரம்பே இல்லை. விசைப்பலகையிலிருந்தும் கோப்பிலிருந்தும் தரவை வாங்கிக்கொள்ளும். முடிவில் வெற்றியா தோல்வியா என்பதை ஓர் எண்ணால் சொல்லிவிட்டும் போகும். வேறென்ன வேண்டும்?

தமிழ் விக்கிப்பீடியாவையே பார்ப்போம். 2003-இல் தொடங்கிய அதனைத் தாங்கி நிற்கும் மீடியாவிக்கி, பி.எச்.பி.யில் எழுதப்பட்டது. பக்கத்தைக் காட்டுவது மட்டுமா அதன் வேலை? தரவுத்தளத்தைப் புதுப்பிக்கவும், பக்கங்களை மொத்தமாக ஏற்றவும், இணைப்புப் பட்டியல்களைத் திரும்பக் கட்டவும் பராமரிப்பு நிரல்கள் பல அதில் உள்ளன. அவையும் கட்டளை வரியில் ஓடும் பி.எச்.பி. நிரல்களே! நம் அண்டை மாநிலத்துச் சோஹோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் கட்டளைக் கருவியோ, உலாவிக்கெனப் பிறந்த ஜாவாஸ்கிரிப்டை வெளியே ஓட்டும் நோட்.ஜே.எஸ்.-ஐ நம்பி நிற்கிறது.

கற்பதற்கும் இவ்வழியே எளிது. "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். பைட்டுகளை எண்ணும் சார்பு 15 என்னும். யூனிகோடு குறிகளை எண்ணுவது 5 என்னும். எழுத்தாக எண்ணுவதுதான் நம் தமிழாசிரியர் சொல்லும் 3-ஐத் தரும். இதை அறிய வழங்கி வேண்டாம், படிவம் வேண்டாம், வண்ணப் பொத்தானும் வேண்டாம். ஒரு வரி போதும். (வண்ணப் பொத்தானில் நாம் வீணாக்கும் மணிகளை எண்ண எந்தச் சார்பும் போதாது!)

கடுங்கணக்குகளுக்குச் சி-யின் வேகம் இதற்கு வராது. பி.எச்.பி. நிறுவப்படாத கணினியில் இந்நிரல் ஓடவும் ஓடாது. ஆனால் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையின் விலைப்பட்டியல்களை நாள்தோறும் கூட்டித் தர ஐம்பது வரி நிரல் போதுமென்றால், அதற்காகப் புதுமொழி ஒன்றுக்குப் பயிற்சிக் கட்டணம் கட்ட வேண்டுமா? மொழிக்கொரு கட்டணம் கட்டும் வீடுகளிலிருந்து நாம் எல்லோரும் வரவில்லை. என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தெரிந்த ஒரு மொழியைக்கொண்டு வேலையை முடிப்பவனிடம் "திரை எங்கே?" என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைப்பது முறையன்று.

ஆகவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பருவத்தின் பி.எச்.பி. பயிற்சிகளுள் இரண்டையேனும் உலாவியின்றிச் செய்யும்படி வைக்கலாம். முதற்பயிற்சியாக மேலே சொன்ன எழுத்தெண்ணும் நிரலையே கொடுக்கலாம்.